பிழைக்குப் பெய்த மழை

கள்ளிக்கண்மாயில் அந்த வருஷத்து முதல் மழை, முத்திருளாயி ஒரு அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்த காலையில், சரியாகப் பத்தே காலுக்குப் பெய்தது. கால் மணி நேரம் கனத்த துளிகளாக, கிழக்கே எல்லைக்கல் தொடங்கி மேற்கே எல்லைக்கல் வரைக்கும், பக்கத்து ஊர்க்காரன் வேலிக்கு ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் பெய்துவிட்டு நின்றது. முத்திருளாயி அதைக் கவனிக்கவில்லை. மடிக்கணினியில் வந்திருந்த சிவப்பு வரியை முறைத்துப் பார்த்து, "அடச் சனியனே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தாள். அடைப்புக்குறியை மூடினாள், அடுத்த வரியில் ஒரு புள்ளியை விட்டாள். மறுபடியும் சிவப்பு, மறுபடியும் மழை. பொழுது சாய்வதற்குள் ஏழு தடவை.

சங்கதியைக் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டு ராக்கம்மா. களத்தில் மிளகாய் காயப் போட்டிருந்தவள், ஏழு தடவை அள்ளி ஏழு தடவை விரித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முத்திருளாயி நெற்றியில் அடித்துக்கொண்டாள், தூறல் விழுந்தது. சந்தேகம் தீர இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். மறுபடி நெற்றியில் அடித்துக்கொண்டாள், மறுபடி தூறல் விழுந்தது.

"யக்கா, ஒனக்குப் புண்ணியமாப் போகும், அந்தப் பொட்டிய மூடு. நீ தப்பு விடுறப்பெல்லாம் மழ வருது, எம் மிளகா அழுகுது."

"எனக்கு எட்டாவது வரியே தாண்ட மாட்டேங்குது, இவ மழையச் சொல்ல வந்துட்டா," என்றாள் முத்திருளாயி, முகத்தைத் திருப்பாமல்.

அவளுக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. எட்டாம் வகுப்போடு நின்றவள். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டிருந்தவள். அவள் போய்க் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தது புருஷன் வழிவிட்டானுக்காக. டவுன் மிளகாய் மண்டியில் வழிவிட்டானைத் தெரியாதவர் கிடையாது, முப்பது வருஷம் ஏலம் கூறிய தொண்டை அது. மண்டிக்குள் அவர் குரலெடுத்தால் பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது, குழம்பில் உப்புக் கூடினால் அந்தக் குழம்பையும் மூணு தரம் கூறி ஏலம் விடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் அந்த வருஷம் மாசி மாதத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூறிவிட்டு, மூணாவது தரத்தைச் சொல்லாமல் வாயைத் திறந்தபடியே மூட்டைகள் மேல் சாய்ந்தார். இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிர் திரும்பியது, புத்தி திரும்பியது, வலது கைப் பெருவிரல் ஒன்றுக்கு மட்டும் அசைவு திரும்பியது. பேச்சு திரும்பவில்லை.

"நாம பேசுறது எல்லாம் அவருக்குப் புரியுதும்மா," என்றார் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா. "இன்னொரு தடவை இப்படி வாதம் வந்தா ஒடம்பு தாங்காது. அது எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதுக்குள்ள அவர் பேசணும்னா, அந்த ஒரு விரலுக்கு ஏத்த மாதிரி கம்ப்யூட்டர்ல யாராவது புரோகிராம் எழுதித் தரணும்."

"யாருங்க எழுதுவாங்க?"

"படிச்சா யாரும் எழுதலாம்."

அந்த அம்மா பேச்சுக்குச் சொன்னது அது. முத்திருளாயி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மகள் பன்னிரண்டாவது படித்தபோது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி, மகள் கல்யாணமாகித் திருப்பூர் போன பிறகு பீரோவில் சேலைக்கடியில் கிடந்தது. அதை எடுத்துத் தூசி தட்டினாள். செல்போனில் ஒரு வாத்தியார் தமிழிலேயே இலவசமாகப் பாடம் நடத்திப் போட்டிருந்தார், மொத்தம் ஐம்பது பாடம். பைத்தான் என்று அந்தப் பாஷைக்குப் பேர். "மதினி பாம்பு புடிக்கப் படிக்குது" என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டாள். முப்பது வருஷம் இந்த மனுஷரைப் பார்த்து "செத்த நேரம் வாய மூடுங்களேன்" என்று சொன்னவளுக்கு, இப்போது அவரிடமிருந்து ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. திட்டாக இருந்தாலும் சரி, அடுத்த தடவை அது வருவதற்குள் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

இனி ஊர்க் கதைக்கு வருவோம். பிழைக்கு மழை பெய்கிறது என்று தெரிந்ததும் கள்ளிக்கண்மாய்க்காரர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள் என்று நினைத்தால் நீங்கள் அந்தப் பக்கம் வந்ததேயில்லை என்று அர்த்தம். பதினோரு வருஷம் கண்மாய் நிறையாமல், கருவேலங்கட்டையை எரித்துக் கரி சுமந்த ஊருக்கு, மழை எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க நேரம் ஏது? எப்போது வரும் என்பதுதான் பேச்சு. நெல்காரர்கள் நாள் முழுக்க வேண்டும் என்றார்கள், மிளகாய்க்காரர்கள் கூடவே கூடாது என்றார்கள், ரெண்டு கட்சியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் பஞ்சாயத்துத் தலைவர் கோட்டைச்சாமி நடுவில் புகுந்து, காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை முத்திருளாயி பிழை விடலாம், பன்னிரண்டுக்கு மேல் வெயில் மிளகாய்க்கு என்று முடிவு சொன்னார். மறுநாள் முதல் குழாய் ரேடியோவில் அறிவிப்பு வந்தது: "பத்து மணி ஆகப் போகுது, மதினி உக்காரப் போறாங்க, காயப் போட்ட துணிமணி இருந்தா எடுத்துக்கங்க."

வானிலை ஆபீசிலிருந்து ரெண்டு பேர் கருவியோடு வந்தார்கள், நனைந்தார்கள், ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பழத்தட்டோடு வந்து, ரெண்டு நாளைக்கு மதினியையும் பெட்டியையும் இரவல் கேட்டார்கள். கூட்டிக்கொண்டு போய் அவர்கள் ஊரில் உட்கார வைத்தால், அவள் அங்கே விட்ட பிழைக்கும் கள்ளிக்கண்மாயில்தான் பெய்தது. கோட்டைச்சாமி தானே உட்கார்ந்து கண்டபடி தட்டிப் பார்த்தார். திரை முழுக்கச் சிவந்தது, வானம் சிவனே என்று இருந்தது. முத்திருளாயியையே வேண்டுமென்று தப்பாகத் தட்டச் சொன்னார்கள். அதற்கும் பெய்யவில்லை. தெரியாமல் செய்கிற பிழை, அதுவும் அவள் செய்கிற பிழை, அதற்குத்தான் மழை என்று ஊருக்கு மெல்ல விளங்கியது.

ஆகவே ஊர் அவளைத் தாங்கியது. தண்ணீர்க் குடம் வாசலுக்கு வந்தது, விறகு வந்தது, ஒருத்தி அங்கன்வாடி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள், இன்னொருத்தி அயிரை மீன் குழம்பு வைத்துக்கொண்டு வந்தாள். "இன்னைக்கு எத்தன பிழை மதினி?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஆம்பளைகள் வயலுக்குப் போனார்கள். கண்மாய் நிறைந்தது. தவளை சத்தத்தைப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு கேட்ட ஊர், எல்லாம் மறந்து நெல் விதைத்தது.

ஆனால் அவள் படித்துக்கொண்டே இருந்தாளே, அதுதான் ஊருக்குச் சங்கடம். பதினைந்தாம் பாடத்தில் நாளுக்கு இருபது பிழை விட்டவள், முப்பதாம் பாடத்தில் நாளுக்கு மூன்று விட்டாள். அவளுக்கே தெரியாமல் விரல் சரியான இடத்தில் விழுந்தது. முப்பத்தெட்டாம் பாடத்தில் வாத்தியார், "விழுற பிழைய எல்லாம் தேதி, நேரத்தோட ஒரு கோப்புல எழுதி வைங்க, புரோகிராம் திரும்ப எழுந்து நிக்கிற மாதிரி செய்யுங்க" என்றார், அதையும் செய்தாள். கோட்டைச்சாமி சாயங்காலமாக வந்து நின்று, "மதினி, இம்புட்டு நிதானமாவா தட்டுறது? கொஞ்சம் வெரசாத் தட்டுங்களேன்" என்று தலையைச் சொறிந்தார்.

ஆவணி பிறந்தபோது புரோகிராம் ஏறக்குறைய முடிந்திருந்தது. திரையில் பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு ஒரு வார்த்தை. வெளிச்சம் ஒவ்வொரு கட்டமாக நகரும். வேண்டிய வார்த்தையில் வெளிச்சம் வரும்போது வழிவிட்டான் பெருவிரலால் கீழே இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும், விரலை எடுக்கும் வரை வெளிச்சம் அங்கேயே நின்று பெட்டி அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பப் பேச வேண்டும். அவர் கட்டிலை ஒட்டிப் பலகை போட்டு, பொத்தானை விரலடியில் வைத்து, "அழுத்துங்க, என்ன வேணுமோ அழுத்துங்க" என்றாள். திரை அவர் பக்கம் பார்த்திருந்தது. அவர் அழுத்தினார். பெட்டி பேசவில்லை. ஒரு சிவப்பு வரி வந்தது, நடுவில் ஒரு சாய்ந்த கோடு, ஒரு இங்கிலீஷ் யூ, சில எண்கள் என்று வாயில் நுழையாத ஏதோ ஒன்று. வாசலில் சடசடவென்று மழை இறங்கியது. ஊர்க்காரர்கள் தெருவில் "மதினி! பேஞ்சிருச்சு மதினி!" என்று கத்தினார்கள். அவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

மிச்சமிருந்தது அந்த ஒரு பிழைதான், அழுத்துகிற விரல் அவருடையதானாலும் தெரியாமல் விட்ட பிழை அவளுடையது. அது எந்தப் பாடத்தில் தீரும் என்பதும் தெரிந்தது. நாற்பத்தோராம் பாடம், தலைப்பு: பிற மொழி எழுத்துகள். நாளைக்குக் காலையில் பார்த்துவிடலாம் என்று இருந்தவளை, கோட்டைச்சாமி அன்றைக்கே நாலு பேரோடு வந்து பார்த்தார்.

"மதினி, அந்தப் பாடத்தப் பாக்காதீங்க."

"என்ன தம்பி சொல்றீங்க?"

"வேணாம்னு சொல்லல. நாப்பது நாள் கழிச்சுப் பாருங்க. கண்மாய்த் தண்ணி பாதிப் பயிருக்குத்தான் காணும். கதிர் பால் புடிச்சு முத்துற வரைக்கும் நமக்கு இந்த ஒரு பிழை வேணும். நீங்க அதைத் தெரிஞ்சுக்கிட்டா வானம் மூடிக்கிரும். அண்ணன் எங்க போயிரப் போறாரு? நாப்பதே நாள்."

முத்திருளாயி கூட வந்தவர்களைப் பார்த்தாள். மண்டியில் விழுந்தவரைக் கட்டிலோடு தூக்கி வந்த தோள்கள் அவை. நாலு மாதமாக அவள் அடுப்பில் விறகு தீராமல் பார்த்துக்கொண்டவர்கள். அதோடு, மறைப்பானேன், கரண்டி பிடித்த பொம்பளையை ஒரு ஊரே அண்ணாந்து பார்ப்பது அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. "நாப்பது நாள்தானே" என்றாள். உள்ளே வந்து கட்டில் பக்கம் குனிந்து, "நாப்பது நாள் பொறுத்துக்கங்க, வெள்ளாம வீட்டுக்கு வந்ததும் ஒங்க பேச்சக் கேட்டுர்றேன்" என்றாள். அவருடைய இடது கண்ணில் தண்ணீர் வழிந்தது. அந்தக் கண்ணில் எப்போதும் வழியும், நரம்புக் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். முந்தானையால் துடைத்துவிட்டாள்.

நாற்பது நாள் கணக்கு தொடங்கியது. காலை பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்து வைப்பாள், பன்னிரண்டுக்கு மூடுவாள். வழிவிட்டான் அழுத்துவார், மழை வரும், அவள் வாசலுக்கு ஓடுவாள். அழுத்துவார், மழை வரும், ஓடுவாள். நாளாக ஆக அவர் இன்னும் அதிகமாக அழுத்தினார், மழை இன்னும் ஜோராக வந்தது, அண்ணன் ஊருக்காகப் படுத்த படுக்கையிலும் பாடுபடுகிறார் என்று ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. ஜன்னல் கம்பியில் பெண்கள் பூச்சரம் கட்டினார்கள். "அண்ணே, மேலக் காடு இன்னும் நனையல, இன்னும் ரெண்டு அமுக்கு" என்று வரப்பிலிருந்து குரல் வரும், சொன்னபடி ரெண்டு அமுக்கு வரும். முத்திருளாயிக்கும் வேலை கூடியது. பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். முதுகுளத்தூரில் மகளிர் குழுக்கள் மேடை போட்டுச் சால்வை போர்த்தினார்கள், அன்றைக்குப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள், ராக்கம்மா போனில், "இங்க கொட்டுதுக்கா, நிக்கவே மாட்டேங்குது!" என்று கூவினாள். மேடையில் அதைச் சொன்னாள், கைதட்டினார்கள்.

முப்பத்தோராம் நாள் பெய்த மழையைக் கள்ளிக்கண்மாய் இன்னும் பேசுகிறது. பத்தே முக்காலுக்குத் தொடங்கிய மழை, கால் மணியில் நிற்க வேண்டியது, நிற்கவில்லை. அரை மணி, முக்கால் மணி. கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தது. கிழவர்கள் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள், பெண்கள் குலவை போட்டார்கள், மிளகாய்க்காரி ராக்கம்மாவே நனைந்துகொண்டு வந்து முத்திருளாயியின் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தாள். வழிவிட்டான் விழுந்த நாளிலிருந்து சிரிக்காதவள் அன்றைக்கு நடுத்தெருவில் தொப்பலாக நனைந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போதும்னு சொல்லுங்க மதினி, வரப்பு ஒடைஞ்சிரப் போகுது" என்று கோட்டைச்சாமி சிரித்துக்கொண்டே சொன்னார். அதைச் சொல்லத்தான் உள்ளே போனாள்.

அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய், மண்டியில் சாய்ந்த அன்றைக்குப் போலத் திறந்திருந்தது. கை கனமாகப் பொத்தான் மேல் விழுந்து, பெருவிரல் அதை அழுத்தியபடியே இருந்தது. திரையில் சிவப்பு வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அவள் விரலை எடுத்தாள். விரல் சில்லிட்டிருந்தது. மழை நின்றது. தெருவில் குலவைச் சத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது.

ஊரே சுமந்து கொண்டுபோய்க் காரியம் செய்தது. பயிருக்கு அந்தக் கடைசி மழை போதுமானதாக இருந்தது, கதிர் முத்தியது, யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. பதினாறாம் நாள் சடங்கு முடிந்து, பந்திப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, உச்சி வெயிலில், முத்திருளாயி செல்போனை எடுத்து நாற்பத்தோராம் பாடத்தைத் திறந்தாள். ஒன்பதே நிமிஷப் பாடம். "இந்தப் பெட்டிக்கு இங்கிலீஷ் எழுத்துத்தான் பழக்கம். தமிழ் எழுத்து வருதுன்னு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கணும். சொல்லலேன்னா முழிக்கும், அவ்வளவுதான்" என்றார் வாத்தியார். அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தாள். தானே பொத்தானை அழுத்தினாள். "தண்ணி" என்றது பெட்டி, யாரோ ஒரு பெண் குரலில். சிவப்பு வரவில்லை. வெளியே நின்ற கோட்டைச்சாமி ஒரு தடவை வானத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒன்பது நிமிஷம். அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், பாவி, ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு மாசம் காக்க வச்சேனே என்று அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்கு ஒன்று உறைத்தது. முப்பத்தெட்டாம் பாடத்தில் செய்த கோப்பு. விழுந்த பிழை எல்லாம் தேதி நேரத்தோடு அதில் இருக்கிறது, அந்தச் சாய்ந்த கோடும் யூவும் எண்களும் வேறொன்றும் இல்லை, அவர் அழுத்திய தமிழ் வார்த்தைதான், பெட்டிக்குத் தெரிந்த வேஷத்தில். இன்றைக்கு அவளால் அதைத் திருப்பிப் படிக்க முடியும். ஆறு வரியில் எழுதினாள், ஒரு பிழை இல்லாமல் எழுதினாள்.

அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "அண்ணன் என்ன சொல்லிருக்காருன்னு நாங்களும் கேக்குறோம் மதினி" என்றார் கோட்டைச்சாமி. ஊருக்கு ஏதோ நல்ல வாக்குச் சொல்லியிருப்பார் என்று அவர்களுக்கு நினைப்பு. முத்திருளாயி சத்தத்தைக் கூட்டி வைத்து, ஓட விட்டாள்.

"வலி," என்றது பெட்டி. முதல் நாள், பத்து மணி பத்து நிமிஷம். "தண்ணி." "பசி." "வலி." ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அப்புறம் "வா" என்றது.

அடுப்படியில் இருக்கும்போது தன்னைக் கூப்பிடட்டும் என்று அவள்தான் கடைசிக் கட்டத்தில் அந்த வார்த்தையைப் போட்டிருந்தாள். "வா" என்றது பெட்டி. ரெண்டாம் நாளும் "வா." மூன்றாம் நாள் பதினோரு தடவை, எல்லாம் "வா." வேறு வார்த்தை இல்லை. முதுகுளத்தூரில் சால்வை போர்த்திய அன்றைக்கு, யாரும் இல்லாத வீட்டில், நாற்பத்து மூன்று தடவை "வா." ஒவ்வொரு தடவை அவர் கூப்பிட்டபோதும் மழை வந்திருக்கிறது, ஒவ்வொரு தடவை மழை வந்தபோதும் அவள் எழுந்து வாசலுக்கு ஓடியிருக்கிறாள்.

"போதும்க்கா, நிறுத்துக்கா," என்று ராக்கம்மா கையைப் பிடித்தாள். கையை விலக்கிவிட்டாள்.

ஆம்பளைகள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பெட்டி முப்பத்தோராம் நாளுக்கு வந்தது. பத்தே முக்காலுக்கு ஒரு "வா." அப்புறம் இடைவெளியே இல்லை, வா, வா, வா என்று முக்கால் மணி நேரத்து மழை முழுக்கப் பேசத் தொடங்கியது. அதில் முதல் ஒன்றுக்கு அப்புறம் உயிர் இருந்ததா, பத்துக்கு அப்புறம் இருந்ததா, எந்த இடத்தில் போனது என்று தேதியும் நேரமும் எழுதி வைத்த கோப்புக்குத் தெரியவில்லை. முத்திருளாயி நாற்காலியை விட்டு எழுந்தாள். வாசல் பக்கம் திரும்பாமல் நேராகக் கட்டிலுக்குப் போய், சுருட்டி வைத்த பாயின் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டி கூப்பிடக் கூப்பிட, "இந்தா வந்துட்டேங்க, இந்தா வந்துட்டேங்க" என்றாள். எது அவர் கூப்பிட்டது, எது வெறும் விரல் கூப்பிட்டது என்று தெரியாததால், ஒன்றைக்கூட விடாமல் எல்லாவற்றுக்கும் சொன்னாள்.